பதின்மூன்று வெற்றிகளுக்குப் பிறகும்

63–3. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியான ஃபுளோரிடா ஸ்டேட்டின் 2023ஆம் ஆண்டு சீசனைப் பற்றி நான் எப்போது பேச்செடுத்தாலும், எதிரில் இருப்பவர் இந்த ஸ்கோரைத்தான் எடுத்து வைக்கிறார். பதின்மூன்று ஆட்டத்தையும் ஜெயித்த அந்த அணியைத் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் சேர்க்காமல் தேர்வுக் கமிட்டி விட்டுவிட்டது; அதன் பிறகு ஜார்ஜியாவிடம் அது தோற்ற ஸ்கோர் இது. போன தீபாவளிக்கு அட்லாண்டாவில் நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். ஜார்ஜியா அணியின் தீவிர ரசிகரான தம்பி ஒருவர், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “அண்ணே, இன்னும் அதையே பேசிட்டிருக்கீங்களா? அறுபத்தி மூணுக்கு மூணுண்ணே! கமிட்டி செஞ்சது சரின்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சே” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பேச்சு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் வட்டி என்று நகர்ந்துவிட்டது. எனக்கு நகரவில்லை. அந்த ஸ்கோர் எதையும் நிரூபிக்கவில்லை என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதை நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை அவ்வளவாகப் பார்க்காதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எல்.லில் பத்து அணிகள், ஒரு புள்ளிப் பட்டியல். முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் பிளேஆஃபுக்குப் போவார்கள்; யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அதற்கு வழியில்லை. மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆடுவது பன்னிரண்டு ஆட்டம். தன் கான்ஃபரன்ஸின், அதாவது தான் சேர்ந்திருக்கும் கல்லூரிக் குழுமத்தின், இறுதிக்குத் தகுதி பெற்றால் இன்னொன்று. பெரும்பாலான அணிகள் ஒன்றை ஒன்று களத்தில் பார்ப்பதே இல்லை. அதனால் 2014 முதல் 2023 வரை, பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு டெக்சஸில் கிரேப்வைன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பத்து சீசன்களில், பெரிய கான்ஃபரன்ஸ் ஐந்தில் ஒன்றின் பட்டத்தை வென்று ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அணி அந்த நான்கில் இடம் பெறாமல் போனது ஒரே ஒரு முறைதான். அது 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை.

கீழே கிடந்த அணி

டாலஹாசியில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். ஃபுளோரிடாவின் தலைநகர்தான், ஆனால் மயாமியும் ஆர்லாண்டோவும் தெரிந்த நம்மவர்கள் பலருக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது. ஜார்ஜியா எல்லையை ஒட்டிய மேடும் பள்ளமுமான ஊர். சாலையின் இருபுறமிருந்தும் கவிந்து மேலே கைகோத்துக்கொள்ளும் ஓக் மரங்கள், மாநிலச் சட்டமன்றம், பல்கலைக்கழகம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளி மாலையே ஊர் கருஞ்சிவப்புக்கும் பொன்னிறத்துக்கும் மாறிவிடும். டோக் கேம்பெல் மைதானத்தில் அப்போது கிட்டத்தட்ட எண்பதாயிரம் பேர் உட்கார முடிந்தது. ஆட்டம் தொடங்கும் முன் செமினோல் வீரர் ஓசியோலாவின் வேடத்தில் ஒரு மாணவர் ரெனெகேட் என்ற குதிரையில் பாய்ந்து வந்து, எரியும் ஈட்டியை நடுக்களத்தில் குத்துவார். ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடியினர் தங்கள் பெயரையும் அந்தச் சடங்கையும் பயன்படுத்த ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஊர்க்காரர்கள் புதிதாக வருபவரிடம் தவறாமல் சொல்வார்கள். எனக்கும் முதல் வாரத்திலேயே சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்த காலம் அணிக்கு நல்ல காலம் இல்லை. 1993, 1999, 2013 என்று மூன்று தேசியப் பட்டங்கள் வென்ற கல்லூரி அது. 2020இல் மைக் நார்வெல் பயிற்சியாளராகத் தொடங்கிய முதல் சீசனில் மூன்றே வெற்றி, ஆறு தோல்வி. 2021 இன்னும் மோசமாகத் தொடங்கியது. செப்டம்பரில் ஜாக்சன்வில் ஸ்டேட் என்ற, ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடிய அணி டாலஹாசிக்கு வந்தது. நான் மைதானத்தில் இருந்தேன். கடைசி நொடிவரை நாங்கள்தான் முன்னிலை. கடைசிப் பந்தில் அவர்கள் 59 யார்டுக்கு ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) போட்டு 20–17 என்று ஜெயித்தார்கள். அந்தக் கீழ்ப் பிரிவு அணி ஒன்றிடம் ஃபுளோரிடா ஸ்டேட் தோற்பது அதுதான் முதல் முறை. படிக்கட்டுகளில் இறங்கும்போது யாரும் திட்டக்கூட இல்லை. திட்டுவதற்காவது ஒரு நம்பிக்கை மிச்சம் இருக்க வேண்டும். முதல் நான்கு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு, அந்த சீசன் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று முடிந்தது.

அந்த அணியின் குவார்ட்டர்பேக்குகளில், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்களில், ஒருவர் ஜோர்டன் டிராவிஸ். வெஸ்ட் பாம் பீச் பையன்; லூயிவில் கல்லூரியில் தொடங்கி 2019இல் டாலஹாசிக்கு மாறி வந்தவர். ‘ஓடத் தெரியும், எறியத் தெரியாது’ என்றுதான் ஊரில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆண்டுக்கு ஆண்டு அவர் எறியக் கற்றுக்கொண்டதை நாங்கள் கண்ணெதிரே பார்த்தோம். 2022இல் பத்து வெற்றி, மூன்று தோல்வி. அந்த சீசனின் கடைசி ஆறு ஆட்டங்களையும் அணி தொடர்ந்து ஜெயித்திருந்தது. இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023இன் பதின்மூன்று வெற்றிகள் திடீரென்று கிடைத்த அதிர்ஷ்டம் அல்ல. ஒரே பயிற்சியாளரும் பெரும்பாலும் அதே பையன்களும் இரண்டு சீசன் அவமானத்தைத் தின்று எழுந்து வந்து அடைந்தது அது.

கிளெம்சனில் ஒரு மதியம், டாலஹாசியில் ஒரு இரவு

2023இன் முதல் ஆட்டமே எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) அணியோடு, ஆர்லாண்டோவில். தரவரிசையில் ஐந்தாவதாக இருந்த அந்த அணியை 45–24 என்று அடித்தார்கள். மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து மாறி வந்திருந்த கீயோன் கோல்மன் மூன்று டச்டவுன் பிடித்தார். ஆனால் இந்த அணி தேறும் என்று நான் நம்பிய நாள் செப்டம்பர் 23, கிளெம்சன். 2014க்குப் பிறகு நாங்கள் ஜெயிக்காத எதிரி. அவர்கள் ஊரில் கடைசியாக ஜெயித்தது 2013இல். நான்காவது கால்பகுதியில் ஏழு புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரணி குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்து நழுவ, கேலன் டிலோச் அதை எடுத்துக்கொண்டு 56 யார்டு ஓடிச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் கிளெம்சனுக்கு 29 யார்டு ஃபீல்ட் கோல் வாய்ப்பு; பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மூன்று புள்ளி. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கும் தூரம். பந்து வெளியே போனது. ஓவர்டைமில் டிராவிஸ் எறிந்ததைக் கோல்மன் எல்லைக்கோட்டுக்குள் பிடிக்க, 31–24. பெரிய சீசன் எதிலும் இப்படி ஒரு மதியம் இருக்கும். திறமை பாதி, எதிராளியின் தவறு மீதி.

அதன் பிறகு வர்ஜீனியா டெக், சிரக்யூஸ், டியூக், வேக் ஃபாரஸ்ட், பிட், மயாமி என்று வரிசையாக வெற்றி. மயாமியோடு மட்டும் கொஞ்சம் திணறி 27–20. அக்டோபர் முடிவில் டிராவிஸின் பெயர், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுப் பேச்சில் அடிபட்டது. சீசன் முழுவதும் 20 டச்டவுன் எறிந்தவர், இரண்டே இரண்டு முறைதான் எதிரணியின் கையில் பந்தைக் கொடுத்திருந்தார்.

நவம்பர் 18, வடக்கு அலபாமா கல்லூரியோடு டாலஹாசியில் சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம். படிப்பை முடித்துப் போகும் ஆட்டக்காரர்களைக் குடும்பத்தோடு களத்துக்கு அழைத்துக் கைதட்டி வழியனுப்பும் இரவு. எதிரணி சின்னது, ஆட்டம் ஒரு சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதல் கால்பகுதியில் இடம் கிடைத்ததும் டிராவிஸ் பந்தோடு ஓடினார். பதினாறு யார்டு ஓடியதும் பின்னாலிருந்து பிடித்து இழுத்து வீழ்த்தினார்கள். இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. தொலைக்காட்சி அதை மறுபடி காட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரு அணி ஆட்டக்காரர்களும் களத்தில் மண்டியிட்டார்கள். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது அவர் கூட்டத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். அந்த நேரத்தில் 13–0 என்று பின்தங்கிய அணி, அதன் பிறகு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் 58 புள்ளி குவித்தது. அந்த 58 புள்ளிகளைப் பின்னால் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரணி சின்னது என்பதால் அது நியாயம்தான். ஆனால் அடுத்து வந்த இரண்டு ஆட்டங்களையும் தள்ளிவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் கெயின்ஸ்வில். பரம எதிரியான ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானம், இரவு ஆட்டம். மாற்று குவார்ட்டர்பேக் டேட் ரோடமேக்கர் முதன்மையாக இறங்கினார். 12–0 என்று பின்தங்கி, 24–15 என்று ஜெயித்தார்கள். ட்ரே பென்சன் மூன்று டச்டவுன் ஓடினார். ஆட்டத்தின் பின்பகுதியில் ரோடமேக்கருக்குத் தலையில் அடி. அதனால் அடுத்த சனிக்கிழமை, டிசம்பர் 2 அன்று, ஷார்லட்டில் லூயிவில்லுக்கு எதிரான, எங்கள் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் இறுதியாட்டத்தில் மூன்றாவது ஆளான முதலாண்டு மாணவர் பிராக் கிளென் இறங்கினார். கல்லூரி வாழ்க்கையில் அவர் முதன்மையாகத் தொடங்கிய முதல் ஆட்டம், அதுவும் பட்டத்துக்கான ஆட்டம். 21 முறை எறிந்து எட்டுதான் சேர்ந்தது, மொத்தம் 55 யார்டு. பார்க்க அழகாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களத்தின் மறுபக்கத்தைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. ஜாரெட் வெர்ஸ், பிரேடன் ஃபிஸ்க் தலைமையிலான தடுப்பு வரிசை, பத்து ஆட்டம் ஜெயித்து வந்த லூயிவில்லை இருநூறு யார்டுகூட எடுக்கவிடவில்லை. ஒரு டச்டவுனும் கிடையாது. குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு லாரன்ஸ் டோஃபிலியின் கையில் நேரடியாகப் பந்தைக் கொடுத்து ஓடவைத்தார்கள். அவர் நூறு யார்டுக்கு மேல் ஓடினார். 16–6. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்று யோசித்த அணியின் ஆட்டம் அது. அந்த யோசனையையும் ஒரு திறமையாகத்தான் நான் எண்ணுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் மதியம் அறிவிப்பு. டாலஹாசியில் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா அவர்கள் முகத்தில் இருந்தது. முதலிடம் மிச்சிகன், இரண்டாமிடம் வாஷிங்டன், இருவரும் 13–0. மூன்றாமிடம் டெக்சஸ், 12–1. நான்காமிடத்தில் அலபாமாவின் பெயர் வந்தபோது அந்தக் கூடத்தில் யாரும் கத்தவில்லை. சிலர் எழுந்தார்கள். சிலர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் ஐந்தாவது இடம்.

குழுத் தலைவர் பூ கோரிகன் தொலைக்காட்சியில் வந்து காரணம் சொன்னார். ஜோர்டன் டிராவிஸ் இல்லாத ஃபுளோரிடா ஸ்டேட் வேறு அணி என்பதுதான் சாரம். குழுவின் விதிமுறையில் அதற்கு இடம் உண்டு என்பது உண்மை. முக்கிய ஆட்டக்காரர் இல்லாமல் போவது ஓர் அணியின் ஆட்டத்தை எப்படிப் பாதித்தது, இனி எப்படிப் பாதிக்கக்கூடும் என்று பார்க்கலாம் என எழுதியே வைத்திருக்கிறார்கள். எனவே குழு விதியை மீறவில்லை. என் சண்டை அந்த விதியோடுதான். ‘இனி எப்படிப் பாதிக்கக்கூடும்’ என்ற அந்தப் பின்பாதி, மூன்று மாதம் ஆடி முடித்த ஆட்டங்களை, இன்னும் ஆடாத ஓர் ஆட்டத்தைப் பற்றிய ஊகத்துக்குக் கீழே வைத்துவிடுகிறது. இப்படியெல்லாம் முடிவெடுத்தால் நார்வெல் அன்று கேட்டதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: பிறகு ஆட்டங்களை எதற்காக ஆடுவது?

இதற்கெல்லாம் மேலாக ஒன்று நடந்தது. இன்றுவரை நான் இந்த விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். அறிவிப்பு வந்த சிறிது நேரத்தில் டிராவிஸ் சமூக ஊடகத்தில் சில வரிகள் எழுதினார். மனம் உடைந்துபோனேன், நம்ப முடியவில்லை என்று தொடங்கி, என் கால் சீசனின் முன்பகுதியிலேயே முறிந்திருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார். அப்படி முறிந்திருந்தால் இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை விடப் பெரியது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று. வெற்றி தோல்விதான் கணக்கு என்று நினைத்திருந்தேன் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

யாரிடம் மன்னிப்பு? எதற்கு? தன் அணிக்காக ஓடி, கால் முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிற இளைஞன், தன் முறிந்த காலுக்காகத் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைக்கு ஒரு விதி கொண்டுவந்து நிறுத்துகிறது என்றால், அந்த விதியில் ஏதோ அடிப்படையிலேயே கோணலாக இருக்கிறது. அன்று அதைப் படித்துவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ‘விளையாட்டுக்குப் போய் இப்படியா’ என்றார் மனைவி. விளையாட்டு என்பதால்தான் இப்படி என்றேன். வாழ்க்கையில் எவ்வளவோ இடங்களில் யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து நம்மைப் பற்றி ஊகித்து முடிவெடுக்கிறார்கள். அது நடக்காத இடமாக ஒன்றாவது இருக்க வேண்டும்; ஜெயித்தவன் ஜெயித்தவன்தான் என்று சொல்லும் இடம். மைதானம் அப்படிப்பட்ட இடம் என்று சின்ன வயதிலிருந்து நம்பியவன் நான். என் மகனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அறுபத்து மூன்றுக்கு மூன்று

இப்போது அந்த ஸ்கோருக்கு வருவோம். டிசம்பர் 30, மயாமி கார்டன்ஸில் ஆரஞ்சு பௌல்; சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்று. எதிரணி ஆறாம் இடத்திலிருந்த ஜார்ஜியா. முந்தைய இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் வென்ற அணி. அந்த சீசனில் அலபாமாவிடம் மூன்றே புள்ளியில் தோற்றதால் வெளியே நின்றது. ஃபுளோரிடா ஸ்டேட் தரப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் ஆடவில்லை. வெர்ஸ் இல்லை, கோல்மன் இல்லை, பென்சன் இல்லை, ரோடமேக்கர் வேறு கல்லூரி தேடிப் போய்விட்டார். பட்டத்துக்கு வழியில்லாத ஒரு ஆட்டத்தில் காலையோ தோளையோ பணயம் வைத்து, தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று பலர் விலகியிருந்தார்கள். டிராவிஸுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் அப்படி நினைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இடைவேளையில் 42–3, முடிவில் 63–3. பௌல் ஆட்ட வரலாற்றில் அவ்வளவு வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை. ஜெயித்த ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட்டே மகிழ்ச்சியாக இல்லை. இதைச் சரிசெய்தாக வேண்டும் என்றுதான் ஆட்டம் முடிந்ததும் பேசினார்.

அன்று தோற்றது ஷார்லட்டில் லூயிவில்லை நிறுத்திய அணி அல்ல. ஒருவேளை பிளேஆஃபில் இடம் கிடைத்திருந்தால், விலகியவர்கள் எல்லோரும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஜனவரி முதல் தேதி களத்தில் நின்றிருப்பார்கள். முடிவெடுத்தவர்களின் முடிவே அந்த அணியைக் கலைத்தது. கலைந்த அணி தோற்றதைக் காட்டி முடிவு சரி என்று சொல்வது எந்த ஊர் வழக்கு?

சரி, முழு அணியோடு போயிருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்பார்கள். தோற்றிருக்கலாம். முந்தைய சீசனில் டி.சி.யு. என்ற டெக்சஸ் கல்லூரியைக் குழு தேர்ந்தெடுத்தது. அது மிச்சிகனை 51–45 என்று வீழ்த்தி இறுதிக்குப் போய், அங்கே ஜார்ஜியாவிடம் 65–7 என்று நொறுங்கியது. அந்த 65–7, மிச்சிகனை ஜெயித்த ஆட்டத்தை அழித்துவிட்டதா? இதே ஃபுளோரிடா ஸ்டேட், 2014இல் தோல்வியே இல்லாமல் முதல் பிளேஆஃபுக்குப் போய் ஆரிகனிடம் 59–20 என்று தோற்றது. மோசமாகத் தோற்கும் உரிமையும் ஜெயித்து வந்தவனுக்கு உண்டு.

அதே 2014இல் நடந்த இன்னொன்று எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஒஹையோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் சீசன் தொடங்கும் முன்பே அடிபட்டு வெளியேறினார். அவர் இடத்தில் வந்த ஜே.டி. பேரட் நவம்பர் கடைசியில் கணுக்கால் முறிந்து போனார். மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் முதன்மையாகத் தொடங்கும் தன் முதல் ஆட்டமாகக் கான்ஃபரன்ஸ் இறுதியில் இறங்கி, விஸ்கான்சினை 59–0 என்று அடித்தார். குழு அவர்களை நான்காவதாக எடுத்தது, அதுவும் ஒரு தோல்வியோடு. அவர்கள் அலபாமாவை 42–35 என்றும் ஆரிகனை 42–20 என்றும் ஜெயித்துப் பட்டத்தைத் தூக்கினார்கள். மூன்றாம் குவார்ட்டர்பேக்கோடு பட்டம் வெல்ல முடியும் என்பதற்கு இந்தப் பிளேஆஃபின் முதல் ஆண்டே சாட்சி. 59–0 எங்கே, 16–6 எங்கே என்று கேட்பீர்கள். அங்கே ஜோன்ஸ் எறிந்து காட்டினார். இங்கே வெர்ஸும் ஃபிஸ்க்கும் தடுத்துக் காட்டினார்கள். தடுப்பாட்டம் அழகாகத் தெரியாது என்பதற்காக அதற்கு மதிப்பு குறைவா? இருவரும் 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குப் போனார்கள், வெர்ஸ் என்.எஃப்.எல்.லில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கினார். என்.எஃப்.எல். அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டில் ஃபுளோரிடா ஸ்டேட்டிலிருந்து மட்டும் பத்துப் பேர் எடுக்கப்பட்டார்கள். ஒரே ஒருவரின் காலில் நின்ற அணி அல்ல அது.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 22 அன்று பல்கலைக்கழகம் தன் சொந்தக் கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டது. தொலைக்காட்சிப் பணம், வெளியேறும் கட்டணம் என்று அது 2025 மார்ச்சில் ஒரு சமரசத்தில் முடிந்தது. அரசியல்வாதிகள் கடிதம் எழுதினார்கள், ஆளுநர் வழக்குச் செலவுக்குப் பணம் ஒதுக்கப் போவதாகச் சொன்னார். அவற்றில் எனக்கு ஆர்வமில்லை. 2024இலிருந்து பிளேஆஃப் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. முன்பே முடிவாகியிருந்த விரிவாக்கம். ஓர் ஆண்டு முன்னால் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அந்த 2024இல் ஃபுளோரிடா ஸ்டேட் இரண்டு ஆட்டம் ஜெயித்து, பத்து ஆட்டம் தோற்றது. டிராவிஸை நியூயார்க் ஜெட்ஸ் ஐந்தாம் சுற்றில் எடுத்தது. கால் தேறவேயில்லை. என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டமும் ஆடாமல் 2025 ஏப்ரல் கடைசியில் ஓய்வை அறிவித்தார். 2025 ஆகஸ்ட் 30 அன்று அலபாமா டாலஹாசிக்கு வந்து 31–17 என்று தோற்றபோது, பழி தீர்ந்ததா என்று கேட்டு எனக்குச் செய்தி மேல் செய்தி வந்தது. பெரிய வெற்றிதான், கொண்டாடினேன். ஆனால் 2023இல் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அன்று அந்தச் சட்டையில் இல்லை. அவர்கள் கணக்கை வேறு யாரும் தீர்த்து வைக்க முடியாது.

சரி, நீயாக இருந்தால் யாரை வெளியே தள்ளியிருப்பாய் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் குழுவை மட்டும் திட்டுவது சரியில்லை. செப்டம்பர் 9 அன்று டெக்சஸ் அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவுக்கே போய் 34–24 என்று ஜெயித்திருக்கிறது. இரண்டும் ஒரு தோல்வி அணிகள், இரண்டும் தத்தம் கான்ஃபரன்ஸில் பட்டம் வென்றவை. அவற்றில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் அது டெக்சஸுக்கு. எனவே வெளியே நிற்க வேண்டியது அலபாமா. அவர்கள் மட்டமான அணி என்று நான் சொல்லவில்லை. ஜார்ஜியாவை வீழ்த்தியவர்கள், பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பௌலில் மிச்சிகனை ஓவர்டைம் வரை இழுத்துப் போனவர்கள். டிசம்பர் 3 அன்று ஒரு நடுநிலை மைதானத்தில் இரு அணிகளையும் இறக்கிவிட்டிருந்தால், டிராவிஸ் இல்லாத எங்களை அலபாமா ஜெயித்திருக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நானும் அப்படித்தான் கட்டியிருப்பேன். ஆனால் அதே அலபாமா, நவம்பர் 25 அன்று ஆபர்னில், ஒரு நிமிடம்கூட மீதியில்லாத நேரத்தில், நான்காவதும் கடைசியுமான முயற்சியில் 31 யார்டு எறிந்து தப்பித்த அணி. அந்தப் பந்து ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் அவர்களுக்கு இரண்டு தோல்வி. யாரும் பேசியிருக்கவே மாட்டார்கள். விழவில்லை, ஜெயித்தார்கள், அந்த வெற்றி முழுசாக அவர்கள் கணக்கில் ஏறியது. ஏற வேண்டியதுதான். அதே முறையில் எங்கள் பதின்மூன்றையும் எண்ணச் சொல்கிறேன். மிச்சிகன், வாஷிங்டன், ஃபுளோரிடா ஸ்டேட், டெக்சஸ். அலபாமா ஐந்தாவது.